கழுத்தளவுத் தண்ணீர்

சுவரில் இருந்த ஆறு போன வருஷத்தைவிட ஒரு சாண் ஏறியிருந்தது.

பர்ரிடோ என்கிற ரொட்டிச் சுருளைச் சுற்றியிருந்த வெள்ளித்தாளை உரித்துக்கொண்டே தோலோ அதைக் கவனித்தான். அமெரிக்க நகரமான எல் பாசோவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைப் பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்தக் கடை. பெயரே ‘எல் ரியோ’, அதாவது ஆறு. பக்கச் சுவர் முழுக்க ஓவியம். கறுப்பு ஆறு, மேலே நிலா, நடுவில் தோளில் குழந்தையைச் சுமந்து வரும் ஒரு பெண். கடை முதலாளி செலோதான் அந்தப் பெண். வெயிலில் சாயம் உரியும்போதெல்லாம் புதிதாகப் பூசச் சொல்வாள். பூசும்போதெல்லாம் தண்ணீர் ஏறும். ஆரம்பத்தில் முழங்காலில் இருந்தது, இப்போது கழுத்துக்கு வந்துவிட்டது.

“அடுத்த தடவை பெயின்ட் அடிச்சா ஆள் மூழ்கிடும், ஹெஃபா. மூச்சு விட ஒரு குழாயும் சேர்த்து வரையச் சொல்லணும்.”

ஹெஃபா என்றால் முதலாளியம்மா. ஹெர்லிண்டா கேசாதா, தனியார் துப்பறிவாளர். செத்துவிட்டதாகச் சொல்லி இன்சூரன்ஸ் பணம் வாங்கியவர்கள் கடற்கரையில் பியர் குடிப்பதைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே தலை நரைத்தவள். அந்த நரையை மாதாமாதம் செம்பட்டையாக்கிக்கொள்கிறவள். அவளிடம் சேருவதற்கு முன் தோலோ சவ ஊர்தி ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் படுத்திருப்பவர்கள் பதில் பேசாத வேலை. அத்தனை வருஷம் அடக்கிவைத்ததையெல்லாம் இப்போது பேசித் தீர்த்துக்கொண்டிருந்தான்.

“தின்னுட்டு வாயை மூடு,” என்றாள் ஹெர்லிண்டா. “அந்தப் பொண்ணு வருது.”

செலோவின் மகள் யாதிரா வந்து எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் ராட்னி, ஏ.சி. மெக்கானிக், அமெரிக்கப் பிரஜை. மனைவியின் பூப்போட்ட கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். வாயிலிருந்து வார்த்தை வருவது அபூர்வம்.

“கிரீன் கார்டு நேர்காணல் நல்லாத்தான் போச்சு, செஞ்யோரா,” என்றாள் யாதிரா. “கல்யாணப் படமெல்லாம் பார்த்தாரு. அப்புறம் ‘இந்த நாட்டுக்குள்ள எப்படி வந்தீங்க’ன்னாரு. கார்ல, பாலம் வழியான்னேன். ‘பதிவே இல்லையே’ன்னாரு. ‘அப்போ எனக்கு நாலு வயசுகூட முடியல, சார்’னேன். அவர் பேனாவை மூடி வச்சுட்டு, ‘நான் மத்தியானம் உங்கம்மா கடையிலதான் சாப்பிடுறேன். அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுறேன்’னாரு.”

தோலோவுக்குப் புரையேறியது.

விஷயம் அதுதான். ஆற்றில் இறங்கி வந்தவள் என்றால், புருஷன் பிரஜையாகவே இருந்தாலும் இங்கே இருந்தபடி கிரீன் கார்டு கிடைக்காது. அந்தப் பக்கம் போய் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திரும்ப விடுவார்களா என்பது அவர்கள் இஷ்டம். ஆனால் பாலத்தில் ஓர் அதிகாரி காருக்குள் பார்த்து, ‘போ’ என்று கையை ஆட்டியிருந்தால் போதும். முத்திரை, பதிவு எதுவும் இல்லாவிட்டாலும் அது முறையான வருகை. மாதக் கடைசியில் இரண்டாவது நேர்காணல். அதற்குள் அந்தக் கையசைப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தான் யாதிராவின் வக்கீல் ஹெர்லிண்டாவைப் பிடித்திருந்தார்.

“கார்னு உனக்கு எப்படித் தெரியும், மீகா?” மகளிடம் கேட்பதுபோலக் கேட்டாள் ஹெர்லிண்டா.

“ஞாபகம் இருக்கு. ஆனா கிறுக்குத்தனமான ஞாபகம். தகர டப்பா உருள்ற சத்தம், ஹாரன் சத்தம், மூக்கை எரிக்கிற மாதிரி ஒரு ஸ்ப்ரே வாசனை. அப்புறம்...” யாதிரா புருஷனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். “கன்னி மரியா இருந்தாங்க.”

“கார்லயா?”

“முன் சீட்ல. வெள்ளை உடுப்பு, முக்காடு. ஜன்னலுக்கு வெளிய தலையை விட்டு வாந்தி எடுத்துக்கிட்டிருந்தாங்க.”

ராட்னி அவசரமாகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

“அம்மாகிட்ட கேட்டியா?”

“சின்ன வயசுல ஒரு தடவை கேட்டேன். கன்னத்துல விழுந்துச்சு. அதுக்கப்புறம் கேக்கல.”

செலோ ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தாள். அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். “என்ன விசாரணை வேண்டிக்கிடக்கு? எல்லாத்தையும்தான் சுவர்ல வரைஞ்சு வச்சிருக்கேனே. நடுராத்திரி. தண்ணி இங்க வரைக்கும்.” மோவாய்க்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். “இவ தோள்ல, சிலுவை என் வாயில. நீந்தி வந்தேன்.”

“நீந்தியா, நடந்தா?” என்றான் தோலோ.

“ரெண்டும்.”

“யாதிரா பொறந்தநாளுக்கு முன்னாலயா, பின்னாலயா, தோன்யா செலோ?” ஹெர்லிண்டாவின் குரலில் மரியாதை சொட்டியது. அவள் கண்ணி வைக்கும்போதெல்லாம் குரல் அப்படித்தான் இருக்கும்.

“முன்னால. வந்த வாரமே இவளுக்குக் கேக் வெட்டினோம். டி.வி.காரங்க வந்தப்பகூடச் சொன்னேனே.”

“என் பொறந்தநாள் பிப்ரவரியில,” என்றாள் யாதிரா.

தோலோ மெல்லுவதை நிறுத்தினான். குளிர்காலத்தில் மேலே அணையை மூடிவிடுவார்கள். பிப்ரவரியில் அந்த ஆற்றின் நடுவில் நாய்கள் படுத்துத் தூங்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவளிடம் மாதத்தைக் கேட்டதில்லை.

“பிப்ரவரியில அந்த ஆத்துல கழுத்தளவுக்குத் தண்ணி வேணும்னா, படுத்துக்கணும் தோன்யா,” என்றான்.

செலோ அவனைப் பார்த்த பார்வையில் அவன் கையிலிருந்த பர்ரிடோ ஆறிப்போயிருக்கும். அதற்குள் ஹெர்லிண்டா எழுந்து கல்லாப் பக்கம் போயிருந்தாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடிச் சின்னக் காலணிகள். ‘ஆற்றைக் கடந்த பாதங்கள்’ என்று கீழே எழுதியிருந்தது. பளபளக்கும் வெள்ளைத் தோல். வெடிப்பில்லை, கறையில்லை. ஹெர்லிண்டா பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துத் திருப்பி, தலையிலிருந்து ஒரு ஊசியை உருவி, குதிகால் இடுக்கில் நெம்பினாள். உள்ளங்கையில் ஒரு அரிசி விழுந்தது.

“கடையில கிடந்த சோறா இருக்கும்,” என்றாள் செலோ.

“எல் பாசோவுல பர்ரிடோவுக்குள்ள சோறு வைக்கிறவங்களைத்தான் முதல்ல நாடு கடத்தணும்,” என்றான் தோலோ. “அதுவும் இது வேகாத அரிசி.”

செலோ போய், கதவில் தொங்கிய பலகையைத் திருப்பி மாட்டினாள். கடை மூடியாச்சு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வாசலில் வரிசை நிற்கும்போது.

காரில் ஏறியதும் ஹெர்லிண்டா கேட்டாள். “அரிசியை எங்கடா தூவுவாங்க?”

“சர்ச் வாசல்ல, கல்யாண ஜோடி மேல. அப்போ அந்தக் கன்னி மரியா...”

“மணப்பொண்ணு. கார் பின்னால டப்பா கட்டின கல்யாண ஊர்வலம். அந்தக் கார்ல செலோவுக்கு என்ன வேலை?” அவன் சாப்பிட்டுப் போட்ட வெள்ளித்தாளை எடுத்து மடியில் விரித்தாள். “இந்த மடிப்பைப் பாரு. ஓரத்தை ரெண்டு தடவை மடிச்சு, நடுவுல சீப்பு வச்ச மாதிரி ஒரு கோடு. பர்ரிடோ சுத்துறவங்க யாரும் இப்படி மடிக்க மாட்டாங்க. மாசா மாசம் என் தலையில சாயம் வைக்கிற பொண்ணு இதே மாதிரிதான் மடிக்கிறா.”

தோலோ ஸ்ப்ரே வாசனையை நினைத்துப் பார்த்தான். “சிகை அலங்காரக்காரி.”

“பாலத்தைத் தாண்டிப் போய் விசாரிச்சுட்டு வா. வாயைக் கொஞ்சம் இந்தப் பக்கமே வச்சுட்டுப் போ.”

பாலத்துக்கு அந்தப் பக்கம், ஹுவாரெஸ் நகர மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய அழகு நிலையங்கள் இருந்த சந்தில் தோலோ நாலைந்து கடை ஏறி இறங்கினான். கடைசிக் கடையில் நிக்கொலாசா என்ற கிழவி, வேறொருத்தியின் தலையில் ரோலர் சுற்றிக்கொண்டிருந்தாள். கொன்சுவேலோ, சுருக்கமாகச் செலோ, என்று அவன் சொன்னதும் கை நின்றது.

“கோபுரம் சரிஞ்ச செலோவா?”

“என்ன கோபுரம்?”

“ஓஃபெலியா தெர்ராசாஸ் கல்யாணம்ப்பா. இங்க சர்ச்ல மோதிரம் மாத்திக்கிட்டு, அந்தப் பக்கம் எல் பாசோவுல விருந்து. ஊர்வலமாப் போனாங்க. பொண்ணுக்கு டோப்பா முடியெல்லாம் வச்சு, ஒரு முழ உயரத்துக்குக் கோபுரம் கட்டினது செலோ. சரியாம பிடிச்சுக்கணும்னு கார்லயே கூட போனா, குழந்தையையும் தூக்கிக்கிட்டு. முதல் டான்ஸ்லயே கோபுரம் கழண்டு மாமனார் தட்டுல விழுந்துச்சாம். அந்த ஆளு ஏதோ பிராணின்னு நினைச்சு முள்கரண்டியால குத்திட்டாராம்.” தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவள் ரோலரோடு சேர்த்துக் குலுங்கினாள். “வெட்கத்துல ஓடிப்போனவதான். திரும்பி வரவே இல்ல.”

ஆற்றுக்கு இந்தப் பக்கம் செலோ வீராங்கனை, அந்தப் பக்கம் கேலிக்கதை. தோலோ சிரித்துக்கொண்டேதான் பாலம் ஏறினான். பாதி வழியில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

ஓஃபெலியா எல் பாசோவின் மலைச்சரிவில் பெரிய வீட்டில் இருந்தாள். புருஷனுக்கு டைல்ஸ் வியாபாரம். வீட்டில் டைல்ஸ் ஒட்டாத இடம் கூரை மட்டும்தான். காபி கொடுத்தாள், விஷயத்தைக் கேட்டதும் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“அவ பேரை இந்த வீட்ல யாரும் எடுக்கிறதில்ல.”

“பாலத்துல வாந்தி எடுத்தீங்களா, செஞ்யோரா?” என்றாள் ஹெர்லிண்டா.

ஓஃபெலியாவின் முகம் டைல்ஸ் நிறத்துக்கு வந்தது. “யார் சொன்னது? அவளா?”

“அவ பொண்ணு. அன்னிக்குப் பின் சீட்ல இருந்துச்சு. உங்களைக் கன்னி மரியான்னு நினைச்சிருக்கு.”

ஒரு நொடி ஓஃபெலியா இளகினாள். முக்காடு இருந்த இடத்தைக் கை தானாகத் தொட்டுப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மீன் ஒத்துக்கல. அவ்வளவுதான். அவ ஆத்துல வந்தேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டா, நான் வாயைத் திறக்கல. எனக்கு மீன் ஒத்துக்கலன்னு நான் சொன்னேன், அவ வாயைத் திறக்கல. எங்களுக்குள்ள இருக்கிறது அவ்வளவுதான்.”

அவள் தலைக்குப் பின்னால் சுவரில் மூத்த மகன் கால்பந்துச் சீருடையில் நின்றான். சட்டகத்துக்குள் அடங்காத தோள்கள். ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்ன பிள்ளை.

“மீன் நல்லா வளர்ந்திருக்கு,” என்றான் தோலோ.

ஹெர்லிண்டாவின் குதிகால் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தது. “வீடியோ எடுத்திருப்பாங்களே?”

“கொளுத்திட்டேன். படங்களையும். அந்த ராத்திரியோட ஒரு துண்டுகூட என்கிட்ட இல்ல. சாட்சி வேணும்னா அவ இங்க வந்து, என் வாசல்ல நின்னு, மன்னிப்புக் கேக்கட்டும்.”

ஹெர்லிண்டா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வேண்டாம். வற்புறுத்த மாட்டேன். செலோ சொன்னதே போதும்.”

“என்ன சொன்னா?”

“முடி கட்டினதுல ஒரு குறையும் இல்லையாம். நீங்க ஆடின ஆட்டத்துலதான் விழுந்துச்சாம். கோவேறு கழுதைகூட அப்படிக் குதிக்காதுன்னு...”

செலோ அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தோலோ கூரையைப் பார்த்தான். பார்ப்பதற்கு டைல்ஸ் இல்லாத ஒரே இடம் அதுதான்.

“நேர்காணல் என்னிக்கு?” என்றாள் ஓஃபெலியா.

செலோவிடம் வேலை இன்னும் சுருக்கமாக முடிந்தது. ஓஃபெலியா வந்து கோபுரக் கதையைத் தன் வாயால் சொல்லப்போகிறாள் என்று சொன்னால் போதுமாயிருந்தது. “அவ சொன்னா என்னைக் கோமாளி ஆக்கிடுவா. நானும் வர்றேன்,” என்று கரண்டியை வீசினாள் செலோ. பிறகு அடுப்பைப் பார்த்தபடியே, “யாதிரா அந்த ரூம்லயே இருப்பாளா?” என்றாள்.

“இருப்பா.”

செலோ அடுப்பை அணைத்தாள்.

“ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி வச்சிருக்கலாமே, ஹெஃபா,” என்றான் தோலோ வெளியே வந்ததும்.

“சிநேகிதிங்க ரெண்டு பேர் ஒரே கதையைச் சொன்னா, உக்காந்து பேசி வச்சதுன்னு நினைப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் ஒரே கதையைச் சொன்னா, அது நடந்திருந்தாத்தான் உண்டு. நேர்காணல் முடியிற வரைக்கும் இவங்க சண்டை ஆறவே கூடாது.”

குடியேற்ற அதிகாரி ஆர்மெந்தாரிஸ் வழுக்கைத் தலையர். தும்மலுக்கும் கேள்விக்கும் ஒரே முகத்தை வைத்திருந்தார். யாதிராவும் ராட்னியும் வக்கீலும் ஒரு பக்கம். செலோவுக்கு ஆங்கிலம் போதாது என்று மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தது தோலோ. சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்ய வைத்தார்கள். இதற்குப் பேசாமல் பிணவண்டியே ஓட்டியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

“இவங்களை நீங்க எப்படி இந்த நாட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தீங்க?” என்றார் அதிகாரி.

செலோ வாயைத் திறந்தாள். இத்தனை வருஷப் பழக்கம் அவளுக்கு முன்னால் ஓடியது. “நடுராத்திரி. தண்ணி...”

கை பாதி தூரம் கழுத்துக்கு ஏறி நின்றது. யாதிரா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராட்னி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தான்.

தோலோ அந்த இரண்டு வார்த்தையை விழுங்கிவிட நினைத்தான். செய்த சத்தியம் விடவில்லை. மொழிபெயர்த்தான்.

“இல்ல,” என்றாள் செலோ. கை மடிக்கு வந்தது. “கார்ல வந்தோம். கல்யாணக் கார். ஏ.சி. போட்டிருந்துச்சு.”

“அப்போ சுவர்ல இருக்கிறது?”

செலோ மகளைப் பார்க்காமல் பேசினாள். “இங்க வந்ததும் ஜீன்ஸ் தைக்கிற ஃபேக்டரியில சேர்ந்தேன், சார். சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் எப்படி வந்தாங்கன்னு சொல்லுவாங்க. ஒருத்திக்குப் பாலைவனத்துல கால் விரல் போயிருந்துச்சு. ஒருத்தி தம்பியை வழியில விட்டுட்டு வந்திருந்தா. ஒரு நாள் என்னைக் கேட்டாங்க. நான் பவுடர் வாசனையோட, ஸ்ப்ரே டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு, சொகுசா உக்காந்து வந்தேன்னு அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? ஆத்துலன்னேன். முழங்கால் வரைக்கும்னுதான் சொன்னேன். அந்தத் தம்பியை விட்டவ என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. அதுக்கப்புறம் என்னால தண்ணியை இறக்க முடியல.”

தோலோ அதைச் சொல்லி முடிக்கும்போது ஆங்கிலம் அவனுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் மோசமாக வந்தது.

அதிகாரி தும்மினார். “பாலத்துல அதிகாரி உங்களைப் பார்த்தாரா?”

“ஜன்னல்ல குனிஞ்சு பார்த்தாரு. என்னை, இவளை, எல்லாரையும்.”

“எந்த நாட்டுக்காரங்கன்னு கேட்டாரா?”

“கேட்கத்தான் வந்தாரு. அதுக்குள்ள அந்தம்மா அவர் பூட்ஸ் மேல வாந்தி எடுத்துட்டா. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ‘இன்னும் வருமா?’ன்னாரு. அப்புறம் எங்களையும் பின்னால வந்த கார்களையும் போகச் சொல்லி கையை ஆட்டினாரு.”

செலோவை வெளியே அனுப்பிவிட்டு ஓஃபெலியாவை அழைத்தார்கள். முத்து மாலை, உயரக் குதிகால் செருப்பு, கல்யாணத்துக்கு வந்தவள் போல. அவள் சொன்ன கார் வேறு நிறம், நேரம் வேறு, வழி வேறு. தோலோவின் முதுகில் வேர்த்தது.

“அதிகாரி என்ன கேட்டாரு?” என்றார் ஆர்மெந்தாரிஸ்.

ஓஃபெலியா முத்துக்களைத் திருகினாள். “எழுதிக்கோங்க. எனக்கு மீன் ஒத்துக்காம இல்ல. நான் அப்போ முழுகாம இருந்தேன். என் புருஷனுக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும், இப்போ அரசாங்கத்துக்கும் தெரியட்டும். அந்த மனுஷன் தன் பூட்ஸைப் பார்த்தாரு. ‘இன்னும் வருமா?’ன்னாரு.”

அதிகாரியின் பேனா நின்றது. எழுந்து போய்க் கதவைத் திறந்து செலோவையும் உள்ளே கூப்பிட்டார்.

“கார் என்ன நிறம்?”

“வெள்ளை,” என்றாள் செலோ.

“பழுப்பு. உன் கண்ணுக்கு எல்லாமே வெள்ளைதான். கண்ணு சரியாத் தெரிஞ்சிருந்தா ஊசியை முடியில குத்தியிருப்ப, காத்துல குத்தியிருக்க மாட்ட.”

“நான் குத்தினது நின்னுச்சு. விருந்துல யார் உன்னை அப்படித் துள்ளச் சொன்னது?”

“துள்ளினேனா? முந்நூறு பேர் முன்னால என் தலை என் மாமனார் தட்டுல...”

“வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டுத் துள்ளினே. நான் அப்பவே சொன்னேன், மெதுவா ஆடுன்னு. சொன்னேனா இல்லையா?”

தோலோ மூச்சுவிடாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். ஓஃபெலியா அடுத்துச் சொன்ன வார்த்தைக்கு ஆங்கிலத்தில் எது நெருக்கமாக வரும் என்று அவன் யோசித்தபோது அதிகாரி கையைத் தூக்கினார்.

“அது வேண்டாம்,” என்றார் நல்ல ஸ்பானிஷில். “என் மாமியார் மெக்சிகோவுல பார்ரல் ஊர்க்காரங்க. எனக்கு அந்த வார்த்தை தெரியும்.” பிறகு ஓஃபெலியாவிடம் திரும்பினார். “நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்போ பேசிக்கிட்டீங்க?”

“அன்னிக்கு ராத்திரிதான். இனிமேலும் பேசப்போறதில்ல.”

“இந்தக் குழந்தை அந்தக் கார்ல இருந்ததுக்கு, உங்க வார்த்தையைத் தவிர வேற ஏதாவது இருக்கா?”

ஓஃபெலியா செலோவை ஒரு முறை முறைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

முன்னால் போன காரிலிருந்து யாரோ திரும்பி எடுத்த படம். பாலம். ஜன்னலுக்கு வெளியே மணப்பெண்ணின் தலை. சீருடை போட்ட ஓர் அதிகாரி, முக்காடு அழுக்காகாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கார்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். பின் சீட்டிலிருந்து எட்டிக்கொண்டிருந்தாள் ஓர் இளம் செலோ. பற்களுக்கிடையில் கொண்டை ஊசிகள். ஒரு கை கோபுரத்தைத் தாங்கியிருந்தது. மறு கை ஒரு குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தது. குழந்தை நேராகக் கேமராவைப் பார்த்தது. மூலையில் கேமரா அச்சடித்த தேதி. பிப்ரவரி.

“எல்லாத்தையும் கொளுத்திட்டேன்னீங்களே,” என்றான் தோலோ, தன் வேலையை மறந்து.

“இதுல என் முடி நல்லா இருக்கு,” என்றாள் ஓஃபெலியா.

செலோ படத்தின் மேல் குனிந்தாள். “நல்லாத்தான் கட்டியிருக்கேன்,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

“பாலம் வரைக்கும்,” என்றாள் ஓஃபெலியா. அவள் குரல் முன்போல வெட்டவில்லை.

அதிகாரி படத்தையும் யாதிராவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்து எதையோ எழுதினார். “வருகையை ஏத்துக்கறேன். பாலத்துல நிறுத்தி, பார்த்து, உள்ள விட்டிருக்காங்க.”

யாதிரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். “இந்தக் கல்யாணம் உண்மையானதுங்கிறதுக்கு மீதிச் சாட்சியங்கள்...”

அதிகாரி ராட்னியைப் பார்த்தார். இத்தனை கூச்சலிலும் பூப்போட்ட கைப்பையோடு, அசையாமல், மாமியாருக்கும் அவள் எதிரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன்.

“அதெல்லாம் வேண்டாம்,” என்றார். “மாமியார் இப்படின்னு தெரிஞ்சும் ஓடாம உக்காந்திருக்கார். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?”

தோலோ அதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று செலோவே சொல்லிவிட்டாள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஓஃபெலியா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்தாள். வளைவில் ஹாரனை ஒரு தடவை அடித்தாள். வாழ்த்தா வசையா என்று தெரியவில்லை. ஹெர்லிண்டா வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தாள். ராட்னி மரத்தடியில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

தோலோ காரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தான். தாயும் மகளும் நடந்து வந்தார்கள். கார் அருகில் வந்ததும் யாதிரா நின்றாள்.

“என்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தேன்னு சொன்னியே. அதுவும் பொய்தானாம்மா?”

“தூக்கினேன்,” என்றாள் செலோ. “விருந்துல எல்லாரும் டான்ஸைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ பின்வாசல் வழியா வந்துட்டேன். அந்த மண்டபத்துலேர்ந்து உன் சித்தி வீடு வரைக்கும் தூக்கிட்டுத்தான் நடந்தேன்.”

“எந்த மண்டபம்?”

செலோ பெயரைச் சொன்னாள். “பாவம், நீ நல்லாத் தூங்கிட்டே.”

“ரொம்ப தூரமா?”

செலோ மூச்சை இழுத்தாள். பனிப்புயலும் வேட்டை நாய்களும் போலீஸ் ஹெலிகாப்டரும் இப்போது வரும் என்று தோலோ தயாரானான்.

“இல்ல, மீகா,” என்றாள் செலோ. “கொஞ்ச தூரம்தான்.”

அந்த மண்டபம் விமான நிலையத்துக்கும் அப்பால், நகரத்தின் கிழக்குக் கோடி. சித்தி வீடு பாலத்தடியில். நடுவில் ஒரு முழு ஊர் கிடந்தது. அந்தச் சாலைகளிலெல்லாம் வண்டி ஓட்டிய தோலோவுக்கு அது தெரியும். சொல்வதற்கு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

வாயை மூடிக்கொண்டு, செலோவுக்காகப் பின் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து பிடித்தான்.